அர்கீரிஸ் மண்ணுக்குள் போன குளிர்காலம்

அர்கீரிஸின் ஆமை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவன் வீட்டு மாதுளைக்கு அடியில் மண்ணுக்குள் போகும். வசந்தத்தில் ஆற்றுக்கு அப்பால், விதவை எவந்தியாவின் அவரைப் பாத்தியில் எழுந்து வரும். எங்கள் லித்தோஹோரி கிராமத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அர்கீரிஸின் மனைவி ஸ்டமாதியாவைத் தவிர. ஆமைக்கு ஆற்றைத் தாண்டத் தெரியாது, தன் புருஷனுக்குப் பாலம் தெரியும் என்பது அவள் கட்சி. கல்யாணத்துக்கு முன் திருவிழா நடனத்தில் அவன் எவந்தியாவின் கையைப் பிடித்து ஆடியவன். ஆமையைத் திரும்ப எடுத்துவரப் போகிறவன் அங்கே ஒரு காப்பியும் குடித்துவிட்டுத்தான் திரும்புவான்.

தோண்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் உறங்கும் ஆமையைத் தோண்டுவதில்லை. பாதித் தூக்கத்தில் எழுப்பினால் உடம்பில் சேர்த்து வைத்ததெல்லாம் தீர்ந்து செத்துப்போகும். அக்டோபர் கடைசியில், புனித டிமிட்ரியோஸ் திருநாளுக்குப் புது மதுப் பீப்பாய் திறக்கும் சமயம் காய்ந்த இலைகளை வாரி மூடுவோம். மார்ச் வரை அந்த இடத்தை மிதிக்கக்கூட மாட்டோம். ஸ்டமாதியா சுற்றிலும் கோழிக்கூண்டுக் கம்பிவலை கட்டிப் பார்த்தாள், ஓட்டில் நகச்சாயத்தால் சிவப்புக் குறி போட்டுப் பார்த்தாள். கம்பி அப்படியே இருந்தது, குறியோடு ஆமை அக்கரையில் எழுந்தது.

"நீதான்யா ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டுப் போய் வைக்கிறே. அந்த வீட்டுக்குப் போக உனக்கு ஒரு சாக்கு வேணும்."

"சரி, இந்த வருஷம் நானும் அதுகூடவே உள்ள போறேன். தோண்டாம மட்டும் இரு."

ஆமையைப் போலவே அவனும் சில வாரங்கள் முன்பிருந்தே சாப்பாட்டை நிறுத்தினான். யாருக்காக இளைக்கிறான் என்று அவள் அதையும் சந்தேகப்பட்டாள். திருநாள் முடிந்ததும் ஆமைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் படுத்தான். அவளே இலைகளை வாரி மூடினாள். பாதிரியார் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனார். அந்த ஆண்டு ஆலிவ் எண்ணெய் விலை சரிந்தது, சீக்கிரமே பனி விழுந்தது.

ஜனவரியில் ரொட்டிக்கடைக்காரன் ஒரு சேதி கொண்டு வந்தான்: எவந்தியாவின் கொடியில் ஆம்பளைக் கோட்டு ஒன்று காய்கிறது. ஸ்டமாதியா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மாதுளைக்கு அடியில் போய் நின்றாள். அவன் கீழே இருந்தால் தோண்டுவது கொலை. இல்லையென்றால் தோண்டாமல் நிற்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. அவன்மேல் அவளுக்கு உயிர், தொல்லையே அதுதான். கடைசியில் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போனாள். அது செத்துப்போன தன் புருஷனின் கோட்டு, விறகு வெட்டும்போது போட்டுக்கொள்வேன் என்றாள் எவந்தியா. ஸ்டமாதியா நம்பவில்லை. கண்காணிக்க அங்கேயே உட்கார்ந்தாள். பனி ஏறியது, வீடு திரும்புவது பெரும்பாடானது, இருவரும் ஒரே அடுப்பருகே விதைக்கான அவரைக்கொட்டை பொறுக்கினார்கள். குளிர்காலம் அப்படியே போனது.

மார்ச்சில் அவரைப் பாத்தி பிளந்து, சிவப்புக் குறியோடு ஆமை வந்தது. அதன் பின்னால் ஒரு கை வரும் என்று இரண்டு பெண்களும் மண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரவில்லை. ஸ்டமாதியா எழுந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். தான் மண்ணுக்குள் போன இடத்திலேயே எழுந்து வந்திருந்த அர்கீரிஸ், தாடியில் மாதுளை வேரோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் அழுதாள். அவன் அழவில்லை, கேட்டான்:

"அடுப்புல சாம்பல்கூட ஜில்லுனு கெடக்கு. குளிர்காலம் பூரா எங்க இருந்தே?"

"எவந்தியா வீட்டுல. உனக்காகத்தான் காத்துட்டிருந்தேன்."

"நான் இங்கதானே இருந்தேன். அங்க யாருக்காகக் காத்திருந்தே?"

இதையே கோடை முழுக்க அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பாலத்துப் பக்கம் அவள் திரும்பினாலே பின்னால் வந்து நின்றான்.

அடுத்த இலையுதிர் காலத்தில் இரண்டு பேரும் ஒரே குழியில் இறங்கினார்கள். ஒருவரை மேலே விட்டுவிட்டுப் போக மற்றவருக்கு மனம் வரவில்லை. இலைகளை வாரி மூட எவந்தியா வந்திருந்தாள். ஒருவர் மணிக்கட்டை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள் என்றும், வசந்தத்தில் எழுந்தபோது இருவர் கையிலும் விரல் தடம் பதிந்திருந்தது என்றும் அவள்தான் சொன்னாள்.