மருதாயியின் முக்கால் ஏக்கர் எழும்பிய வரலாறு

2008ஆம் ஆண்டு தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, தீவின் பாம்பூஃப்ளாட் துறையிலிருந்து காலைப் படகு எதிர்க்கரைச் சாத்தாமுக்குக் கிளம்பிப் போன சற்று நேரத்தில், மருதாயியின் முக்கால் ஏக்கர் நிலம் தரையை விட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. சத்தம் எதுவும் இல்லை. வரப்போரத்து முருங்கை ஒரு தடவை ஆடிவிட்டு அடங்கியது. மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கிளறப் போயின. மெயின்லேண்ட் என்று தீவு சொல்லும் பெருநிலத்திலிருந்து வரவேண்டிய கப்பல் தாமதமானதால் அந்த வாரம் வெங்காயம் தீவில் தங்க விலை விற்றது. ஊர் முதலில் அதைப் பேசியது, நிலத்தைப் பிறகுதான் பேசியது. கடல்தான் கொஞ்சம் குழம்பிப்போனது. முன்பு சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல வந்துபோன, பிறகு அணையில் முட்டித் திரும்பிய இடத்துக்கு அன்றும் ஓதத்தோடு ஏறி வந்து, அணையையும் நிலத்தையும் காணாமல், அதற்கடியில் குனிந்து நுழைந்து மறுபக்கம் வெளியேறியது.

மருதாயி அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவள். பிறந்த நாடு அவளைத் தன்னுடையவள் இல்லை என்றது. முப்பாட்டன் கூலிவேலைக்காக விட்டுப் போன நாடு வருடக்கணக்காக யோசித்துவிட்டு அவளைக் கப்பலில் ஏற்றி, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்ட இறக்கிவிட்டது. அங்கேதான் ஐயாவுவைக் கட்டிக்கொண்டாள். அவர் பேச்சில் சிக்கனம், வேலையில் தாராளம். இரண்டு பேரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்து, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வங்காளிக் குடியேறியிடம் பாம்பூஃப்ளாட் பக்கத்து இந்தப் பள்ளக்காட்டை வாங்கினார்கள். தன் பேரில் மண் என்று ஒன்று மருதாயியின் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை. பத்திரம் முடிந்த அன்று அவள் வரப்பில் படுத்துத் தூங்கினாள். எறும்பு கடித்தும் எழுந்திருக்கவில்லை.

2004 சுனாமி அலை அவளிடமிருந்து இரண்டு ஆடுகளையும் ஓலை வீட்டையும்தான் கொண்டுபோனது. அதைத் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அந்தப் பக்கத்துத் தரையே ஓர் ஆள் இடுப்பளவு அமிழ்ந்துவிட்டது. அதன்பிறகு வெளியே போன கடல் தினமும் திரும்பி வர ஆரம்பித்தது. மழைக்காலத்தில் சேறு, கோடையில் உப்பு. தை பிறந்து சித்திரை முடிகிற வரை அந்தத் தீவில் சொட்டு மழை கிடையாது, சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்கத் தண்ணீருக்கு டேங்கர் வரவேண்டும். அந்த மாதங்களில் அமிழ்ந்த வயல்கள் எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துக் கிடந்தன. நில அலுவலகம் ஒரு முடிவு சொன்னது: கடல் நிற்கிற இடம் கடல். 2008 பங்குனிக்குள் எந்த மண்ணில் பயிர் நிற்கவில்லையோ அது கடல் என்று எழுதப்படும், வேண்டியவர்கள் பதிலுக்கு மலைப்பக்கம் வேறு துண்டு வாங்கிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் தப்பில்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள். மருதாயி சர்க்கார் தங்கவைத்த தகரக் கொட்டகையிலிருந்து தினமும் நடந்து வந்து, முழங்கால் தண்ணீரில் தன் வரப்பின்மேல் நின்றுவிட்டுப் போனாள். அது அவளுடையது என்று கடலுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி நின்றவளைப் பார்த்துத்தான் அன்பழகன் வந்தார். அவர் வேளாண் ஆராய்ச்சிக்காரர். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் உப்பும் வறட்சியும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். மழையில்லாத சீமையில் சின்ன விவசாயி பிழைக்க என்ன வழி என்பதைப் படிப்பாகப் படித்து, அதையே உத்தியோகமாகவும் வாங்கிக்கொண்டவர். அவர் சொன்ன வழி எளிமையானது, ஆனால் உடம்பு வலிக்கும். ஓதம் புகாமல் சுற்றி அணை போடு. மண்ணை வெட்டி இடுப்புயரப் பாத்திகளாக மேடாக்கு. வெட்டிய பள்ளங்களில் மழைத் தண்ணீரைத் தேக்கு. மழை பாத்தியின் உச்சந்தலையில் பெய்து உப்பைக் கழுவிக் கீழே இறக்கும். கோடை வந்ததும் மண்மேல் தேங்காய் மட்டையைப் பரப்பி ஈரத்தை மூடு. வேரோரம் மண்பானை புதைத்துத் தண்ணீரைக் கசியவிடு. அணையையும் பள்ளத்தையும் மருதாயியும் ஐயாவுவும் ஒரே கோடையில் வெட்டி முடித்தார்கள். தோட்டத்தில் கான் வெட்டிய குடும்பம், வாய்க்கால் வெட்டுவதைத்தான் அங்கே கான் வெட்டுவது என்பார்கள், அவளுக்கு மண்வெட்டி புதிதில்லை.

மொத்தம் எட்டுப் பாத்தி. ஏழுக்கு எல்லாம் உண்டு. எட்டாவதற்கு ஒன்றும் கிடையாது, மேடும் இல்லை, மட்டையும் இல்லை, பானையும் இல்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால் மண் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும், அதற்குக் கன்ட்ரோல் என்று பேர், அது இல்லாவிட்டால் மேலே இருப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்றார் அன்பழகன். மருதாயி தலையாட்டினாள். ஆனால் அவள் காதில் விழுந்தது வேறு. தோட்டத்தில் கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், அதாவது முழு நாள் வேலைக்குப் பாதிக் கூலி. காய்ச்சலோடு மலையேறிய அவளுடைய அம்மாவுக்கு எத்தனையோ அரைப்பேர். உப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் கிடந்த எட்டாம் பாத்தியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மருதாயிக்கு அம்மா நினைப்பு வந்தது. ஆராய்ச்சி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் வந்தது.

இரண்டு மழைக்காலம் பெய்தது. உப்பு இறங்க இறங்க ஏழு பாத்திகளும் லேசாகிக்கொண்டே வந்தன. உப்புக் கனம் என்பது சும்மா இல்லை, அது போனதும் மண் எழும்பப் பார்த்தது. 2007 கார்த்திகையில் ஏழு பாத்திகளும் ஒரு விரற்கடை மேலே நின்றன. அன்பழகன் அளவுகோலில் பிழை என்று நினைத்து வேறு கோல் கொண்டுவந்தார். அதுவும் அதையே சொன்னது. எட்டாம் பாத்தி மட்டும் உப்போடு கனத்துக் கீழேயே உட்கார்ந்திருந்ததால் நிலம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிட்டது. சாய்வினால் பள்ளங்களில் தேக்கியிருந்த நல்ல தண்ணீர் சரிந்து எட்டாம் பாத்தி வழியாகக் கடலில் கலந்தது. அந்தத் தண்ணீர்தான் கோடைப் பயிருக்கு உயிர். அது போனால் பங்குனியில் பயிர் நிற்காது, பயிர் நிற்காவிட்டால் நிலம் கடல். அன்பழகன் அப்போது மெயின்லேண்டில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மார்கழியின் கடைசி மழை தூறிக்கொண்டிருந்தது. மருதாயி மண்வெட்டியை எடுத்தாள். ஐயாவு ஏன் என்று கேட்கவில்லை, இன்னொரு மண்வெட்டியை எடுத்தார். எட்டாம் பாத்தியை இடுப்புயரம் ஏற்றினார்கள், கான் வெட்டினார்கள், மழையைக் கழுவவிட்டார்கள், மழை நின்ற பிறகு குடிதண்ணீர்க் குடத்தையும் அதன் தலையில் கவிழ்த்தார்கள். தையில் எட்டும் சமமாக எழும்பின.

அன்பழகன் திரும்பி வந்தபோது நிலத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நேரே ஓரத்துக்குப் போனார்.

"எட்டாம் பாத்தியத் தொட்டது யாரு?"

"நாந்தான் சார்."

"அத ஏம்மா தொட்டீங்க? ரெண்டு வருசம். அது இல்லாம நான் என்னத்தக் காட்டுவேன்? நெலம் பறக்குதுன்னு எழுதுனா, எதோட ஒப்பிட்டேன்னு மொதல்ல அதத்தான் கேப்பான்."

"அரைப்பேரு போட்டே எங்கம்மாவ கொன்னாங்க. என் மண்ணுல அரைப்பேரு கெடையாது சார். ஒங்க படிப்புக்கு ஒரு ஆளப் பட்டினி போடணும்னா வேற எடம் பாத்துக்கிருங்க."

அன்பழகன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உண்மையாகவே இழப்புதான், அந்த அறிக்கை இரண்டு தடவை திரும்பி வந்தது. ஆனாலும் மனிதர் மறுநாள் வந்து, எட்டு என்று எழுதியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி, வேலிக்கு வெளியே கடல் கொண்டுகிடந்த வயலில் ஊன்றினார். "கன்ட்ரோலுக்கா பஞ்சம்? ஊரே கெடக்கு" என்றார். மருதாயி அவருக்குப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

எழும்பிய நிலத்தில் வேலை செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நிலம் மெல்ல மெல்ல நெஞ்சுயரம் வரவே, ஐயாவு பாக்கு மரத்தில் ஏணி செய்தார். பக்கத்து வங்காளி ஒருவர் வந்து, நிழல் நன்றாக இருக்கிறது தீதி, என் டோங்கிப் படகை அடியில் கட்டிக்கொள்ளட்டுமா என்று இந்தியில் கேட்டுக் கட்டிக்கொண்டார். மாசியில் தீவு காய்ந்தது. டேங்கருக்குக் குடங்கள் வரிசை நின்றன. மேலே பானைகள் கசிந்தன, மட்டைக்கடியில் ஈரம் இருந்தது, பாசிப்பயறு பூத்தது, வெண்டை காய்த்தது, கேழ்வரகு கதிர் வாங்கியது. வேடிக்கை பார்க்க அக்கரை மரைன் ஹில்லிலிருந்துகூட ஆட்கள் படகேறி வந்தார்கள். வந்தவர்கள் வெண்டைக்காயைத்தான் உடைத்துப் பார்த்தார்கள்.

பங்குனியில் நில அலுவலகத்திலிருந்து ஜெகநாதன் வந்தார். குட்வில் எஸ்டேட் என்ற பேட்டையில் குடியிருப்பவர், கெட்டவர் இல்லை. வருகிற வழியெல்லாம் கடல் கடல் என்று எழுதிக்கொண்டே வந்ததில் முகம் வாடியிருந்தது. நிலத்துக்கடியில் குனிந்து பார்த்தார். கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

"அம்மா, ரிக்கார்டுப்படி இந்த ஜாகா சமுந்தர், கடல். கீழ பாருங்க, தண்ணிதான் நிக்குது. நெலம்னா தரையில இருக்கணும். இத எறக்கி விடுங்க, அளந்து உங்க பேருக்கே எழுதிட்டுப் போறேன், பஸ், அவ்ளோதான்."

மருதாயி ஏணியின் மேற்படியில் உட்கார்ந்திருந்தாள். குரல் உயரவில்லை.

"எறக்கி எறக்கித்தான் சார் எங்கள இங்க கொண்டாந்து விட்டாங்க. மலையிலேருந்து எறக்குனாங்க. கப்பல்லேருந்து எறக்குனாங்க. தகரக் கொட்டகையில எறக்குனாங்க. எறங்குன எடத்துல எல்லாம் இது ஒன் எடம் இல்லேன்னாங்க. எந்த நாட்டுக் கணக்குலயும் இல்லாம இருந்தோம், அப்பவும் நாங்க இருந்தோம்ல? இது எறங்காது. பயிர் நிக்குதான்னுதானே ஒங்க கேள்வி. மேல வந்து பாருங்க."

ஜெகநாதன் நோட்டைக் கக்கத்தில் செருகினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். மேலே பச்சை. நாலாப் பக்கமும் வெளுத்துக் கிடந்த உப்புக்கு நடுவில் கண் கூசும் பச்சை. அவர் ஒரு கேழ்வரகுக் கதிரைக் கையில் கசக்கி மணியை ஊதிப் பார்த்தார். அதன்பிறகு சங்கிலியைக் கொண்டுவரச் சொன்னார். அளந்தார். முக்கால் ஏக்கர் முக்கால் ஏக்கராகவே இருந்தது. நான்கெல்லை எழுத உட்கார்ந்து, எழுதியதைச் சத்தமாக வாசித்தார். வடக்கே ஓடை. தெற்கே கடல் கொண்ட வயல். கிழக்கே பாதை. மேற்கே ஓதப் பள்ளம்.

அதுவரை வாய் திறக்காத ஐயாவு, "கீழ என்னான்னு போடலீங்களே" என்றார்.

ஜெகநாதன் வரப்போரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. நிதானமாக எழுதி, வாசித்தார். கீழே கடல். பிறகு பேனாவை எடுக்காமல், "அப்ப மேல?" என்று தன்னையே கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டார்.

"அத எழுதாதீங்க சார்" என்றாள் மருதாயி. "இன்னும் மேல போகுது."

அந்த இடத்தை அவர் வெறுமையாக விட்டுவிட்டுப் போனார். அது இன்றுவரை அப்படியே இருக்கிறது. 2014 மழைக்குப் பிறகு ஐயாவு ஏணிக்கு இன்னும் இரண்டு படி சேர்த்தார்.