வஜீஹ் பிடித்த கரண்டி

கெய்ரோவின் அந்தக் கட்டிடத்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்பது இன்ஷிராவுக்குத் தெரியும். மறுநிமிடம் தெருவுக்கும் தெரிந்துவிடும். எதிர்வீட்டில் குலவைச் சத்தம் கேட்டதும் செருப்பில்லாமல் ஓடினாள்.

அங்கே தஃபீதாவின் மகன் வஜீஹ், பைக் விபத்தில் மூளையில் அடிபட்டதிலிருந்து நினைவில்லாமல் கண் திறந்தபடியே கிடக்கிறான். போன மாதம்தான் வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக் கூட்டி வந்தார்கள்.

"கையப் பிடிச்சான்டி! அடுத்த ஊசிக்கு வீட்ட வித்துடப் போறேன்" என்றாள் தஃபீதா.

"தள்ளு வஜீஹம்மா, என் கையையும் பிடிக்கிறானா பாப்போம். சின்ன வயசுல என்னக் கண்டாலே ஓடுவான்."

விரலை வைத்தாள். இறுகப் பிடித்தான். தஃபீதா சர்பத் கலக்கப் போனதும், பக்கத்தில் கிடந்த கரண்டியின் காம்பை இன்ஷிரா அவன் கையில் வைத்தாள். அதையும் அப்படியே பிடித்தான். கண் கூரையிலேயே இருந்தது. இன்ஷிராவின் மகள் பெற்ற பச்சைக்குழந்தையும் கையில் எது பட்டாலும் இப்படித்தான் பிடிக்கிறது.

படியேறி வந்த பெண்கள் இன்ஷிராவிடம், "நெஜமாக்கா?" என்றார்கள். சர்பத் தட்டோடு நின்ற தஃபீதா இவள் வாயையே பார்த்தாள்.

இன்ஷிரா அவன் விரல்களைப் பிரித்துக் கரண்டியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது குலவை.