நாலு பேர் உட்காரும் பெஞ்சு

கலைச்செல்வி செத்த பிறகுதான் எங்கள் கடைக்குப் பெஞ்சு வந்தது. அதுவும் தானாக வரவில்லை. நான் மனு எழுதிப் போட்டு, விழுப்புரத்திலிருந்து தொழிலாளர் உதவி ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து, முதலாளி கையில் நோட்டீஸைக் கொடுத்த பிறகு வந்தது. செஞ்சி பஜாரில் மூன்று மாடிக்கு ஜவுளிக்கடை கட்டி வைத்திருக்கிற கோதண்டராமனுக்கு ஒரு பெஞ்சு வாங்க ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

மேல்மாடி சேலைப் பிரிவில் நாங்கள் நாலு பேர். நான் வளர்மதி. எனக்கு மூத்தவர் அம்மாக்கண்ணு. எல்லோருக்கும் இளையவள் ரஞ்சனி. நாலாவது கலைச்செல்வி. ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்குகிறவரை நிற்பதுதான் எங்கள் வேலை, நடுவில் சேலையும் விற்போம். வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி, எங்களுக்கு வெறும் டைல்ஸ் தரை. ஆள் வராத நேரத்தில் ரேக்கில் கொஞ்சம் சாய்ந்தால் போதும், முதலாளி கீழே கல்லாவில் உட்கார்ந்தபடி கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் கூப்பிட்டு மானத்தை வாங்குவார்.

கலைச்செல்வி தளவானூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். பஸ்ஸிலும் நின்றுகொண்டுதான் வருவாள். அவள் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது. நாங்கள் பார்த்திருக்கிறோம், எங்கள் காலிலும் அது ஆரம்பித்திருந்ததால் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. ஆடித் தள்ளுபடியில் கூட்டம் நெரிந்த ஒரு மதியம், ஒரு கல்யாணக் கோஷ்டிக்குப் பட்டுச்சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே அந்தச் சேலை மேல் விழுந்தாள். காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளைக் கீழே தூக்கிப் போன பிறகு, அந்தச் சேலையை மடித்து ரேக்கில் வை என்று இன்டர்காமில் குரல் வந்தது. மடித்து வைத்தது நான்தான். அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டுமென்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது என்பதை ஒரு மாதம் கழித்து செல்போனில் வந்த ஒரு வீடியோவில்தான் தெரிந்துகொண்டேன். நாலைந்து வருடமாக அந்தச் சட்டம் இருக்கிறது. நாங்களும் நாலைந்து வருடமாக அது தெரியாமலே நின்றிருக்கிறோம். அன்று ராத்திரியே மனு எழுதினேன். பெயர் போடாமல் அனுப்பு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் பெயரும் போட்டேன், எந்தக் கவுண்டர் என்றும் எழுதினேன்.

ஆய்வாளர் வந்து போனதும் முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த மாதிரி அவசரக்காரர் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நல்ல தேக்குப் பெஞ்சாக ஒன்று வந்து இறங்கியது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். கவுண்டருக்குப் பின்னால் சுவரோரமாகப் போட்டார்கள். நாங்கள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே முதலாளி குளித்து விபூதி பூசி மேலே வந்தார். பின்னாலேயே ஒரு பையன் கலைச்செல்வியின் படத்தைத் தூக்கி வந்தான். கடை அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். அதைப் பெஞ்சின் நடுவில் சாத்தி வைத்து, சாமந்தி மாலை போட்டு, முன்னால் ஒரு விளக்கை ஏற்றி, முதலாளியே சூடம் காட்டினார்.

அந்த மூளைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். உயிரோடிருந்தவளுக்கு உட்கார ஒரு முக்காலி கொடுக்காதவர், செத்தவளுக்குத் தேக்குப் பெஞ்சு கொடுத்தார். பெஞ்சு வந்துவிட்டது. அதில் யாரும் உட்காரவும் முடியாது.

எங்கள் ஊர்களில் இறந்தவர் படம் வைத்து விளக்கேற்றிய இடத்தில் யார் போய்க் குந்துவார்கள்? அம்மாக்கண்ணு மூன்றடி தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது இனிமேல் அவளுடைய இடம், கை வைக்காதே என்று என்னிடம் சொன்னார். கலைச்செல்வியின் புருஷன் ஆதிமூலம் ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். கொத்து வேலை செய்கிறவர். விளக்கையும் மாலையையும் பார்த்ததும் அழுதுவிட்டு, கீழே இறங்கிப் போய் முதலாளியைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த மனிதருக்கு ஆறுதலாக இருந்த ஒன்றை எடுத்து எறிய எனக்கு அப்போது மனசு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிறவரைக்கும் மேல்மாடி கப்பென்று அடங்கிவிடும். ஃபேன் கிடையாது, பாட்டு கிடையாது. அந்த நேரத்தில் பெஞ்சுப் பக்கமிருந்து டைல்ஸில் மெட்டி உரசும். கொஞ்சம் விட்டு மறுபடி உரசும். எலி என்று முதலில் நினைத்தேன். எலி மெட்டி போடுவதில்லை. அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். லைட் வந்ததும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சேலை மடிப்போம். பயம் எனக்கும்தான். மனு எழுதுகிற தைரியம் வேறு, இருட்டில் முதுகுக்குப் பின்னால் மெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு நிற்கிற தைரியம் வேறு.

ரஞ்சனிக்கு அப்போது ஆறாம் மாதம். தலைப்பிள்ளை. பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. லீவு போடலாம் என்றால் வேலை போய்விடும், புருஷனுக்கு நிலையான வேலை இல்லை. ஒரு மத்தியானம் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று அவளையறியாமல் பெஞ்சின் ஓரத்தில் சரிந்தாள். உடம்பு பலகையில் படுவதற்குள் அம்மாக்கண்ணு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"புள்ளத்தாச்சி, அதுல போயி குந்துறியே. அவ ஆச தீராம போனவடி. உம் வயித்துல கீற புள்ள பத்திரமா இருக்க வேணாமா?"

ரஞ்சனி ரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதாள். கீழிருந்து இன்டர்காம் கூப்பிட்டது, ரேக்கில் சாயக் கூடாதாம். நான் அவள் காலைப் பார்த்தேன். கலைச்செல்வியின் காலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த மாதிரி இதையும் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறோமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அம்மாக்கண்ணு மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்றுதான் இழுத்தார்.

அந்த வாரத்தில் மேல்சித்தாமூரிலிருந்து ஒரு ஜைன அம்மாள் சேலை எடுக்க வந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவர். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டுமென்பதால் பேரம், பேச்சு எதுவும் இல்லாமல் சட்டென்று வாங்கிவிட்டுக் கிளம்புவார். எங்கள் முகங்களை நினைவில் வைத்துக்கொள்கிறவர் இல்லை, கலைச்செல்வி போனதும் அவருக்குத் தெரியாது, சொல்லவும் எங்களுக்கு நேரமில்லை. நான் ஒரு கஸ்டமரிடமும் அம்மாக்கண்ணு இன்னொருவரிடமும் மாட்டிக்கொண்டிருந்தோம். ரஞ்சனி குடோனுக்குப் போயிருந்தாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க வேலையா இருந்தா பரவால்லம்மா. பின்னாடி சொவுரோரமா ஒரு பொண்ணு நிக்குதே, அத வந்து எடுத்துக் காட்டச் சொல்லு. எம்மா நேரமா கால மாத்தி மாத்தி நிக்குது, பாவம்."

நான் திரும்பிப் பார்த்தேன். சுவரோரமாகப் பெஞ்சு இருந்தது, பெஞ்சில் படம் இருந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. அம்மாக்கண்ணுவின் கையிலிருந்த சேலை நழுவித் தரையில் விழுந்தது. அந்த அம்மாளுக்கு நான் எதை எடுத்துக் கொடுத்தேன், அவர் எதை வாங்கிக்கொண்டு போனார் என்று எனக்கு இப்போதும் நினைவில்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை இருட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப வந்தது. நிற்கிறது என்று சொன்னார். கால் மாற்றி மாற்றி நிற்கிறது. அந்த மெட்டிச் சத்தம் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. நின்று பிழைக்கிற எனக்கு அது முன்பே விளங்கியிருக்க வேண்டும், பயம் காதை அடைத்துவிட்டது. பெஞ்சு அவளுடைய இடம் என்று எல்லோரும் ஒதுங்கிப் போகிறோம். அவளோ அதில் உட்காரவே இல்லை. செத்த பிறகும் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் இருக்கிறாள். பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு அழுகை வந்தது.

ஆய்வாளர் மறுபடி வந்தார், நோட்டீஸ்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க. என் வயதுப் பெண்தான், தோளில் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர். முதலாளி மோர் கொடுத்து மேலே அழைத்து வந்து பெஞ்சைக் காட்டினார். கலைச்செல்வி எங்கள் வீட்டுப் பெண் மாதிரி என்று குரல் தழதழக்கச் சொன்னார். ஆய்வாளர் படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், பிறகு ரஞ்சனியின் காலைப் பார்த்தார்.

"இதுல இவங்க உட்கார்றாங்களா?"

"நான் ஒண்ணும் தடுக்கல மேடம். அவங்களுக்கே மனசு வரல. நீங்களே கேட்டுப் பாருங்க."

அவர் கேட்டார். அம்மாக்கண்ணு தரையைப் பார்த்தார். ரஞ்சனி என்னைப் பார்த்தாள். முதலாளியும் என்னைத்தான் பார்த்தார், லேசாகச் சிரித்தபடி. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். பெஞ்சு போட வைக்க என்னால் முடியும், உங்களைப் பிடித்து உட்கார வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று எங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டால் சட்டத்தின் கணக்கில் எங்கள் குறை தீர்ந்துவிடும். ரஞ்சனி நின்றுகொண்டே இருப்பாள்.

நான் ஒரு சாமந்திப் பூவை எடுத்து விளக்கை மலையேற்றினேன். படத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாலையோடு பட்டுச்சேலை ரேக்கின் மேல்தட்டில் வைத்தேன். அம்மாக்கண்ணு வேண்டாம் வளரு, வேண்டாம் வளரு என்று முனகிக்கொண்டே இருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பலகை ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். ரஞ்சனியைக் கூப்பிட்டேன். அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் மெதுவாக இறங்கினாள். உட்கார்ந்ததும் அவள் விட்ட மூச்சு அந்த மாடி முழுக்கக் கேட்டது.

ஊழியர்கள் அமர்ந்திருக்கக் கண்டேன் என்று ஆய்வாளர் எழுதினார். எழுதியதை எங்களுக்குப் படித்தும் காட்டினார். இனி யாராவது உங்களை எழச் சொன்னால் எனக்கு எழுதுங்கள் என்று, முதலாளி காதில் நன்றாக விழுகிற மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினார். முதலாளி வழியனுப்பக் கூடவே இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் திரும்பி ஏறி வந்தது. தனியாக வந்தார். கவுண்டருக்கு முன்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எழு என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தொண்டையை மட்டும் செருமினார். இத்தனை வருடத்தில் அவர் எதிரில் நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதென்று எனக்குத் தெரியும், என் முழங்காலுக்குத் தெரியவில்லை. கால்கள் என்னைக் கேட்காமல் எழ ஆரம்பித்தன. பக்கத்தில் ரஞ்சனியும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை விழுந்தது. பந்தியில் பாதியில் எழப் போகிறவரை இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லி அமர்த்துவார்களே, அந்த அழுத்தம். நான் உட்கார்ந்துவிட்டேன். அம்மாக்கண்ணு எனக்கு எதிரே, ரேக்கின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. திரும்பி ரஞ்சனியைப் பார்த்தேன். அவளும் தொப்பென்று உட்கார்ந்திருந்தாள், தன் தோளை ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

முதலாளி எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அம்மாக்கண்ணு மட்டும் அழுதுகொண்டே நின்றார். அவர் இதில் உட்கார இன்னும் கொஞ்ச நாளாகும்.

நான் இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தேன். ரஞ்சனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தாள். நடுவில் ஒருத்தி உட்காரும் அளவுக்கு இடம் விட்டோம்.