செயலாளர் வீட்டுக் கள்ளிக் கொலை வழக்கு

மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் திரும்பியபோது, இரண்டாம் மாடியில் அவர் வாசலில் நின்ற கள்ளிச்செடி அழுகிய வாழைப்பழம் மாதிரி சாய்ந்து கிடந்தது. போன வருடம் தவறிப்போன அவர் மனைவி வைத்தது. முள்ளும் முறைப்புமாக அவரையே உரித்து வைத்திருக்கிறது என்று அந்த அம்மாவே சொல்வதுண்டு.

“சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு டம்ளர்னு வாட்ச்மேன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன். குடம் குடமா கொட்டியிருக்கான்! நாளைக்கு மீட்டிங்ல அவனை வீட்டுக்கு அனுப்பறேன்” என்று குடியிருப்பே கேட்கக் கத்தினார். பதினோரு வீட்டுக் கதவுகளும் மெல்லச் சாத்திக்கொண்டன.

மூன்றாம் மாடிப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது, பட்டப்பெயர் ‘துப்பு’. இதுவரை அவள் துலக்கிய வழக்கு ஒன்றே ஒன்று: காணாமல் போன மிதியடி. அது அவள் வீட்டிலேயே இருந்தது.

நேரே வாசல் கேட்டுக்குப் போனாள்.

“ரெண்டு சனிக்கிழமை, ரெண்டே டம்ளர், பாப்பா. அதுக்கு மேல ஊத்தியிருந்தா என் கை அழுகிப்போகட்டும்” என்றார் வாட்ச்மேன்.

“செடி அழுகினதே போதும்ணா.”

அவளுக்கு ஒன்று உறுத்தியது. போன சனிக்கிழமை முதல் மாடி டெய்லர், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தார். கேட்டதற்கு, “காத்து வாங்க வந்தேன்” என்றார். படிக்கட்டில் ஜன்னலே கிடையாது. அவர் நடந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ஈரம்.

அடுத்து டெய்லர். பிறகு எதிர்வீடு. கடைசியில் சொந்த வீடு.

“அம்மா, நீயுமா?”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “சனிக்கிழமைக்கு ஒரு டம்ளர்தான்டி. ‘உங்கள மட்டும்தான் நம்பறேன், வெளிய மூச்சு விடாதீங்க’ன்னாரு செயலாளர்.”

“அந்த அண்ணனுக்கு வேலை போகப்போகுதும்மா!”

“ஒரு டம்ளர்லயா செடி சாகும்?”

பதினோரு வீட்டிலும் அதே டம்ளர், அதே ரகசியம், அதே கேள்வி.

சாயங்காலம் துப்பு பட்டியலோடு செயலாளர் வீட்டு மணியை அடித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

“பன்னிரண்டு பேர், ரெண்டு சனிக்கிழமை, இருபத்தி நாலு டம்ளர், அங்கிள். தவளையே வளர்க்கலாம்.”

“ஒருத்தர் மறந்துட்டா என்ன பண்றதுன்னு அடுத்தவர்கிட்ட சொன்னேன். அவரும் மறந்துட்டா...” பட்டியலை நாலாக மடித்தார். “அவ இருபது வருஷம் காப்பாத்தினதை நானே கொன்னுட்டேன். மீட்டிங்ல சொல்லிடாதே, கண்ணு.”

“அண்ணன் வேலையில இருந்தா எனக்கு வாய் இருக்காது.”

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரே வரி: ‘கள்ளிச்செடி இயற்கையாகக் காலமானது. கூட்டம் இல்லை.’

வாட்ச்மேன்தான் தொட்டியைக் கிளறினார். நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கெட்டியாக இருந்தது. அதை வெட்டி, நன்றாகக் காயவிட்டு, உலர்ந்த மணலில் நட்டார். “ஒரு மாசம் யாரும் சொட்டுத் தண்ணி காட்டக்கூடாது, சார்.”

அடுத்த சனிக்கிழமை துப்பு படிக்கட்டில் காவலுக்கு உட்கார்ந்தாள். பத்து மணிக்குச் செயலாளர் வீட்டுக் கதவு ஓசைப்படாமல் திறந்தது. அவர் தொட்டியருகே குனிந்தார். துப்பு கனைத்தாள்.

கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயிற்று.

“காத்து வாங்க வந்தேன்” என்றார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். செயலாளர் டம்ளரை முன்னால் கொண்டுவந்து, ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டு உள்ளே போனார்.