பழுப்பு என்று எழுதுங்கள்

பாலைவன முகாம்களில் காற்றுக்குத் தாங்கும் டோம் கூடார உறை எது என்று முடிவுசெய்ய அமைக்கப்பட்ட மூவர் குழு, அந்த வேலையை அக்தாவு நகரத்தில், ஏழாவது மாடியில், ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் செய்து முடித்தது. ஜன்னலைத் திறந்தால் காகிதம் பறக்கிறது என்பது காரணம். மூன்று துணி மாதிரிகளை மேசையில் பரப்பி, சம்பந்தி வீட்டுக்குச் சீர்த்துணி எடுப்பதுபோல விரலால் தடவி, கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். வெள்ளை ரெக்சின் ஜெயித்தது. போட்டோவில் நன்றாக விழும் என்று குறிப்பில் எழுதினார்கள்.

அந்தக் குறிப்பின் நகல் கம்ஷாத்துக்கு வந்தது. கூடவே வெள்ளை உறை ஒன்றும் இலவசமாக வந்தது. உஸ்த்யுர்த் மேட்டின் சுண்ணாம்புப் பாறைகளுக்குக் கீழே ஐந்து டோம்கள் போட்டு, ஒன்பது வருடமாகப் பயணிகளுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து வருகிறவள் அவள். உறைகளை அவளே தைப்பாள். கெட்டிக் கான்வாஸ், இரண்டு மடிப்பு, ஒட்டகத்தின் நிறம். இனி வெள்ளை உறை போட்டால்தான் அனுமதிச் சீட்டு என்றது கூட வந்த கடிதம். மே முதல் தேதிக்குள் சீட்டு இல்லையென்றால் முகாமுக்குப் பூட்டு.

ஏப்ரல் நடுவில் ஒரு முற்பகல், குழு நேரில் பார்வையிட வந்தது. மூவரில் இருவர்தான் வந்தார்கள். மூன்றாமவருக்குக் காற்று ஒத்துக்கொள்ளாதாம்.

"அண்ணி, மொகத்தக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்கோ," என்றான் ஓதென். கம்ஷாத்தின் கொழுந்தன், முகாமின் டிரைவர், பார்வைக்காக வெள்ளை உறையை ஒரு டோமில் மாட்டியதில் இரண்டு நாளாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன். "துணியோட சேத்து உனக்கும் மார்க் போடுவாங்க."

"என் மொகத்தையும் ஒரு முழம் வெட்டி ஏழாவது மாடிக்கு அனுப்பிருக்கணும்."

குழுத் தலைவர் தெமிர்போலத் ஜீப்பிலிருந்து இறங்கினார். பெரிய உடம்பு, இனிமையான குரல். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை அவர் காத்திருந்தும் யாரும் பார்த்ததில்லை. பின்னால் வந்த ஆயிம் என்ற இளம்பெண் குழுவின் வடிவமைப்பு நிபுணர்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் ஆயிம், பழுப்பு டோம்களைப் பார்த்து. "இது மண்ணோட மண்ணா போயிடுது. ட்ரோன்ல படம் எடுத்தா கேம்ப் இருக்கறதே தெரியல."

"காத்துக்கும் தெரியாமப் போனா எனக்குச் சந்தோஷம்தான்."

"வெள்ளைன்னா தூரத்துலேந்தே பளிச்சுன்னு தெரியும்."

"தெரியும் பாப்பா. போன செப்டம்பர்ல கெணத்துக்கு அந்தாண்ட கேம்ப்ல வெள்ளை டோம் ஒன்னு பறந்துச்சு. பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி இங்கேருந்து பாத்தோம். பளிச்சுன்னுதான் இருந்துச்சு. ஒரு ஸ்லோவாக்கியப் பொண்ணுக்குக் காறை எலும்பு முறிஞ்சுது."

"அதப் பத்தி விசாரிச்சு அறிக்கை குடுத்துட்டோம்," என்றார் தெமிர்போலத்.

"படிச்சேன். துணி திருப்திகரம், காத்து அளவுக்கு அதிகம்னு எழுதியிருந்தீங்க. காத்துக்கு என்ன தண்டனை குடுத்தீங்கன்னு மட்டும் அதுல இல்ல."

வெள்ளை டோமுக்குள்ளேயே தேநீர் என்று தலைவர் அறிவித்தார். காலணிகளை வாசலில் விட்டு உள்ளே போனார்கள். ஆயிம் ஜிப்பை இழுத்து மூடினாள். மடக்கும் மேசை, பால் ஊற்றிய தேநீர், பொரித்த மாவு உருண்டைகள், வெண்ணெய். அழகாகத்தான் இருந்தது. ஆயிம் ஆறு படம் எடுத்தாள். அதற்குள் எல்லாருக்கும் கழுத்தில் வியர்வை இறங்கியது. துணி ஒரு துளி காற்றையும் உள்ளே விடவில்லை.

பிறகு மத்தியானக் காற்று வந்தது. இந்தப் பக்கத்தில் அது கடிகாரம் பார்த்து வருகிற ஆள். கம்பிச் சட்டத்தில் இறுக்கமில்லாமல் தொங்கிய ரெக்சின் உள்ளே குழிந்தது, வெளியே புடைத்தது, மறுபடி குழிந்தது. ஒவ்வொரு அடியும் தலைக்குப் பக்கத்தில் யாரோ கதவை ஓங்கிச் சாத்துவதுபோல விழுந்தது. தெமிர்போலத் பேச்சை நிறுத்தவில்லை. குரலை மட்டும் உயர்த்தினார்.

"அமைதி," என்று கத்தினார். "இந்த உறையோட முதல் சிறப்பு அமைதி."

"என்ன?" என்றான் ஓதென்.

"அமைதி."

"கேக்கல ஐயா."

ஆயிம் எழுந்து ஜிப்பை இழுத்தாள். அது நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். ஓதென் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"பல்லுக்குள்ள மண்ணு போயிருச்சு அண்ணி. இனி அது ஜிப்பு இல்ல, தையல்."

கம்ஷாத் வெண்ணெய்க் கத்தியை எடுத்தாள். தெமிர்போலத் கையை நீட்டித் தடுத்தார். "அது அரசாங்கச் சொத்தும்மா. கிழிக்கறதுக்கு எழுத்துல அனுமதி வாங்கணும்."

"யாருகிட்ட?"

"எங்கிட்டதான். ஆனா லெட்டர்பேடு வண்டியில இருக்கு."

கம்ஷாத்துக்குக் காது மடல் சூடேறியது. சிரிக்கக்கூடிய விஷயமாக அவளுக்கு அது படவில்லை. ராத்திரி இதற்குள் குழந்தைகளோடு ஒரு குடும்பம் படுத்திருந்தால் அவர்கள் யாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவார்கள் என்று கேட்க வாயைத் திறந்தாள். அந்த நேரம் காற்று வருகிற பக்கத்து விளிம்பு எழும்பியது. முளைகள் இரண்டு பிடுங்கிக்கொண்டன. டோம் தரையைவிட்டு இரண்டு முழம் உயர்ந்து, கொஞ்ச நேரம் யோசித்தது. அதற்குள் நால்வரும் மண்டிபோட்டு அடியில் தவழ்ந்து வெளியே வந்துவிட்டார்கள். தவழ்வதற்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை. டோம் சாய்ந்து இறங்கியது, தேநீர்ப் பானையின் மேல். தலைவரின் இடது காலணி உப்புப் படுகையை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. வலது காலணியை எங்குமே காணவில்லை.

பழுப்பு டோமுக்குள் கூட்டிப்போனாள் கம்ஷாத். காற்று வருகிற பக்கத்து மடிப்பைக் கயிற்றால் இறுக்கினாள், எதிர்ப்பக்கத்தில் கீழ் ஓரத்தை ஒரு சாண் சுருட்டிவிட்டாள். சட்டத்தின் ஒவ்வொரு முடிச்சிலும் உறை கட்டப்பட்டிருந்தது. அடிவிளிம்பு முழுக்க மணல் மூட்டை. கரண்டி கோப்பையில் மோதுவது கேட்டது. தெமிர்போலத்தே பேச்சை நிறுத்தி அதைக் கேட்டார். அப்படி ஒன்று நடக்கும் என்று ஆயிமே எதிர்பார்க்கவில்லை.

"ஜிப்பே இல்லையா அக்கா?"

"மரக்கட்டைப் பித்தான், கயித்து வளையம். மண்ணு போனா உதறிட்டுப் போடுவேன்."

தெமிர்போலத் ஓதெனின் ரப்பர் செருப்புகளில் பாதம் முக்கால்வாசி நுழைத்து உட்கார்ந்து, பையிலிருந்து படிவத்தை எடுத்தார். நியாயமான மனிதர்தான். இந்த டோமுக்கே சீட்டு கொடுத்துவிடலாம் என்றார். முத்திரை குத்தினார், கையெழுத்துப் போட்டார், நீட்டினார்.

ஓதென் பெருமூச்சு விட்டான். கம்ஷாத் வாங்கிப் படித்தாள்.

"உறை: வெள்ளைன்னு இருக்கு."

"அது அச்சுலயே இருக்கும்மா. நானூறு படிவம் அடிச்சாச்சு."

"இது பழுப்பு."

"பழுப்புதான். நான் பாத்தேன், நீ பாத்த. பேப்பர்ல வெள்ளையா இருந்துட்டுப் போகட்டுமே."

"அண்ணி," என்றான் ஓதென், மிக மெதுவாக. "வாங்கிக்கோ."

"இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?" என்றாள் கம்ஷாத். குரல் உயரவில்லை. "நாளைக்கு இன்னொரு கேம்ப்காரன் உங்ககிட்ட வருவான். கம்ஷாத் கேம்ப்ல வெள்ளைதான், அங்க ஒன்னும் ஆகலன்னு இந்தப் பேப்பரக் காட்டுவீங்க. அவன் வெள்ளைய மாட்டுவான். உள்ள யாராவது படுப்பாங்க. ஒன்பது வருசமா நான் வெரல்ல ஊசி குத்திக்கிட்டு தச்சத எடுத்து அந்த ரெக்சினுக்குச் சாட்சியா நிறுத்தறீங்க. எனக்கு இந்தச் சீட்டு வேண்டாம்."

காகிதத்தை மேசையில் வைத்தாள். சீட்டு வேண்டாம் என்றால் பூட்டு என்பது அவளுக்கும் தெரியும். ஓதென் கண்ணை மூடிக்கொண்டான்.

தெமிர்போலத் எழுந்தார். "யோசிச்சு ஆபீசுக்கு வாம்மா. நேரமாச்சு."

"ரொட்டி தொட்டுட்டுப் போங்க."

இந்தப் பக்கத்தில், எவ்வளவு அவசரமானாலும் புறப்படுகிறவர் ரொட்டியில் ஒரு வாய் கடிக்காமல் வாசல் தாண்டுவதில்லை. மந்திரியானாலும் அப்படித்தான். அவர் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார். காலையில் அடுப்பில் சுட்டது, தடித்த விளிம்பு. மெல்ல நேரம் பிடித்தது. வாயில் ரொட்டி இருக்கும்போது ஆணையிடுவது நன்றாக இருக்காது என்று அவருக்கும் தெரியும்.

அந்த இடைவெளியில் ஆயிம் பேனாவைத் திறந்தாள். "வெள்ளை" என்ற அச்செழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் எழுதினாள்: பழுப்புக் கான்வாஸ், ஜிப் இல்லாதது. காகிதத்தைத் தலைவர் பக்கம் திருப்பி, திருத்தத்துக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இங்க ஒரு சின்னக் கையெழுத்து ஐயா."

அவர் மென்றபடியே ஆயிமைப் பார்த்தார். அவள் விரலை எடுக்கவில்லை. தன் கால்களில் இருந்த ரப்பர் செருப்புகளைப் பார்த்தார். விழுங்கினார். போட்டார்.

கம்ஷாத் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். காகிதத்தை ஆயிமிடமே திருப்பி நீட்டினாள்.

"ரெண்டு மடிப்புன்னும் சேத்து எழுது."