சாலா ஆச்சி அழுத்திய பொத்தான்

திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டில் டிரைவராக இருந்தவர் நல்லதம்பி. பழைய காரைக் கிளப்ப எஞ்சினில் கைப்பிடி போட்டுச் சுற்றியபோது அந்தக் கைப்பிடி திருப்பி அடித்து, அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியும் பழைய பலம் வரவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தார். ஆனால் வீட்டுக்கார அம்மா சாலா ஆச்சி, பொத்தானை அழுத்தினால் கிளம்பும் கார் ஒன்றை வாங்கச் சொல்லி, அவரையே திரும்ப அழைத்துக்கொண்டார்.

1957இல் ஒருநாள், ஆவுடையார்கோவிலில் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது பொத்தான் 'டக்' என்றதோடு நின்றது. நல்லதம்பிக்கு வேர்த்துவிட்டது. கைப்பிடி டிக்கியில் இருந்தது. அதைச் சுற்றக் கைதான் இல்லை.

"பொத்தானை அமுக்குனா உள்ள யாரு சுத்துறது?" என்று ஆச்சி கேட்டார்.

"சின்ன மோட்டாரு ஆச்சி. பேட்டரியிலேருந்து கரண்டு வந்ததும், அது பல்சக்கரத்தால எஞ்சினைச் சுத்திவிடும். எஞ்சின் ஓடுனதும் வெலகிக்கும்."

"அப்ப கரண்டு வர்ற வழியைப் பாருங்க."

பேட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்து, கம்பி தளர்ந்திருந்தது. நல்லதம்பி அதைச் சுரண்டி, கம்பியை இடது கையால் முடுக்கினார்.

"நான் இங்கிட்டு நின்னு கம்பியைப் பாத்துக்கிறேன். கியரு நியூட்ரல்லதான் இருக்கு. நீங்க அமுக்குங்க ஆச்சி."

"நானா?"

ஆச்சி தயங்கி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அழுத்தினார். எஞ்சின் உறுமியது. அவர் விரலை எடுக்கவில்லை.

"விடுங்க ஆச்சி, கெளம்பிருச்சு!"

ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் பின்சீட்டுக்குப் போகவில்லை. முன்னால் உட்கார்ந்து, கிளச் எதற்கு, கியர் எதற்கு என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.