ரீசேட்டில் இல்லாத கம்பஸ்

ஹம்மில் இருந்து எசனுக்குப் போகும் ரயில் புறப்பட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அன்ரன் மாமா அந்தப் பெரிய அமெரிக்கக் கம்பஸின் பேரை மூன்று தரம் சொல்லிவிட்டார். எதிர் இருக்கையில் கொறற்றி ஃபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்தபடி மன்னாரில் இருக்கும் வீட்டுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேசப் பேச ஃபோனில் எழுத்து விழுந்தது. முதியோர் இல்லமொன்றில் தாதி வேலை பழக ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடம். விரலால் தட்டி எழுத நேரம் ஏது? வீட்டுக்குப் போகிற செய்தியெல்லாம் வாயால்தான்.

மூன்று கிழமையாக ஒரே விஷயம். அவள் தம்பி பென்ஜமினுக்கு அமெரிக்காவில் இரண்டு கம்பஸில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஒன்று உலகத்துக்கே பேர் தெரிந்தது. மற்றது சோளக்காட்டுக்கு நடுவில் இருப்பது, இங்கே ஒருவரும் கேள்விப்படாதது. செவ்வாய்க்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்கு ஓம், வருகிறேன் என்று சொல்லியாக வேண்டும். விசாவுக்குப் பொறுப்பு நிற்பவர் மாமா. அவர் கையெழுத்து வைக்க வேண்டிய தாள் கொறற்றியின் கைப்பையில் கிடந்தது.

“மாமா, ஒருக்காக் கேளுங்கோ. பெரிய கம்பஸ் அவனை பிஸ்னஸ் படிக்க எடுக்கேல்லை. சும்மா உள்ளுக்கை விட்டிருக்கு, அவ்வளவுதான். முதல் வருசம் முடிய அவன் திரும்ப விண்ணப்பிக்கோணும். பாதிப்பேரைத்தான் எடுப்பினம். சோளக்காட்டுக் கம்பஸ் முதல் நாளே பிஸ்னஸ் ஸ்கூலுக்கை எடுக்குது.”

“பெரிசுதானே தரவரிசை லிஸ்டிலை மேலை நிக்குது?”

“அது வேலை செய்துபோட்டுப் பிறகு எம்.பி.ஏ. படிக்கப் போறவையின்ர லிஸ்ட். பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளையளுக்கு வேற லிஸ்ட் இருக்கு. அதிலை சோளக்காடுதான் மேலை.”

“ஒரே கம்பஸ்தானே பிள்ளை. மேல்மாடி நல்லதெண்டா கீழ்மாடி கூடாமல் போகுமே?”

“கீழ்மாடியும் நல்லதுதான். அந்தக் கதவின்ர திறப்பை இவனுக்குத் தரேல்லை எண்டுதான் சொல்லுறன்.”

மாமா சிரித்தார். “ஹம் ஸ்டேஷனடிக் கடையிலை அந்தக் கம்பஸின்ர பேர் போட்ட ரீசேட் பத்துக் கலரிலை தொங்குது. உன்ர சோளக்காட்டுக்கு ஒரு தொப்பியாவது இருக்கோ?”

கொறற்றிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கம்பஸையும் ஒப்பிட்டு, எதில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது, வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். அம்மா கைகூப்பும் படம் போட்டாள். மாமா பூங்கொத்துப் போட்டார். வாசித்ததாக ஒருவரும் சொல்லவில்லை. இதற்கிடையில் இன்றைக்கு எசனில் நடக்கும் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசையில் வாசிக்கவென்று, பென்ஜமினுக்கு இடம் கிடைத்ததற்கு நன்றி சொல்லும் கருத்தொன்றையும் மாமா எழுதிக் கொடுத்தாயிற்று, பெரிய கம்பஸின் பேர் போட்டு.

டோட்முண்டில் ரயில் நின்றபோது பென்ஜமினின் செய்தி வந்தது.

“அக்கா, கோவிக்காதை. நீ அனுப்பினது எல்லாம் வாசிச்சனான். வெள்ளிக்கிழமையே சோளக்காட்டுக்கு ஓம் எண்டு போட்டிட்டன். மற்றதை வேண்டாம் எண்டு எழுதியாச்சு. மாமாட்டைச் சொல்லப் பயமாக் கிடக்கு. நீ சொல்லுறியே?”

முதலில் நெஞ்சு லேசானது. பிறகுதான் எரிச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை. நேற்றும் இரவுச் சாப்பாட்டை ஆறவிட்டு இவனுக்காக மாமாவோடு மல்லுக்கட்டினாளே! வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அல்லவா? இப்போது வாதாடக்கூட வழியில்லை. கோயிலில் தன் முகம் கறுத்துவிட்டது என்று மாமா நினைத்தால் அந்தத் தாளைக் கிழித்தே போட்டுவிடுவார். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துப் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எசன் வரும்வரை அவளால் சொல்ல முடியவில்லை.

கோயில் வாசலில் மக்டலீன் அக்கா நின்றாள். கருத்துகளை வாசிப்பவள் அவள்தான். கையில் தாள் இருந்தது. இனியும் தள்ளிப்போட ஏலாது. மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் கொறற்றி மாமாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மாமா, பென்ஜி சோளக்காட்டுக்கு ஓம் எண்டு போட்டிட்டானாம். மற்றதை விட்டிட்டானாம்.”

மாமா திரும்பிப் பார்த்தார்.

“எப்ப?”

“வெள்ளிக்கிழமை.”

“வியாழக்கிழமைதானே நான் கருத்துக் குடுத்தனான்.”

“பொய்யைக் கோயிலிலை வாசிக்க ஏலாது, மாமா.”

“நீ எனக்குக் கோயில் படிப்பிக்காதை.”

விறுவிறென்று மக்டலீன் அக்காவிடம் போனார். தாளையும் பேனாவையும் வாங்கி ஒரு பேரை அழுத்தி வெட்டினார். கொறற்றி பின்னால் நின்று மெல்ல மற்றக் கம்பஸின் பேரைச் சொன்னாள். அவர் அதை எழுதவில்லை.

“பேர் வேண்டாம் மக்டலீன். அமெரிக்காவிலை எண்டு மட்டும் வாசி.”

அப்படியே வாசிக்கப்பட்டது. பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கையில் ராசன் அண்ணை வந்து மாமாவின் தோளில் தட்டினார்.

“அன்ரன், அந்தப் பெரிய கம்பஸ்தானே? என்ர மோன் அதின்ர ரீசேட்டைத்தான் மாறி மாறிப் போட்டுக்கொண்டு திரியிறான்.”

மாமா தேத்தண்ணியோடு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்து முழுதாக வாய்க்குள் வைத்தார். தலை மட்டும் ஆடியது. அதை ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். ராசன் அண்ணை ஓம் என்றே எடுத்துக்கொண்டு கை குலுக்கினார். கொறற்றி வாயைத் திறந்தாள். மாமா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

திரும்பும் ரயில் போஹும் தாண்டியது. மாமா கையை நீட்டினார்.

“அந்தத் தாளைத் தா.”

முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ரயில் ஆட்டத்தில் எழுத்துச் சரிந்தது.

“பென்ஜிக்கு நீ ஒண்டும் எழுதாதை. நான் எடுத்துக் கதைக்கிறன். ஏச வேண்டியது இருக்கு. ஆரும் கேட்டா, அமெரிக்கா எண்டு மட்டும் சொல்லு.”

கொறற்றி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஃபோன் அதிர்ந்தது. குடும்பக் குழுவில் அம்மா.

“பூசையிலை வாசிச்சவையோ? அந்தப் பெரிய கம்பஸ் எப்ப துவங்குது எண்டு மாமாட்டைக் கேட்டுச் சொல்லு.” கீழே கைகூப்பும் படம்.

கொறற்றி கண்ணை மூடித் திறந்தாள். ஃபோனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“அம்மா, முதல்லை இருந்து சொல்லுறன்,” என்று தொடங்கினாள்.